வெளிநாட்டில் தன்னார்வ தெரபிஸ்டாக மூன்று மாதம்: கிளம்பும் முன்னும் போய்ச் சேர்ந்த பின்னும்

தளிர்நடை எழுதியது:

வணக்கம். குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வெளிநாட்டில் ஒரு பகல்நேர மையத்தில் மூன்று மாதத் தன்னார்வப் பணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள். முதுகுத்தண்டில் அடிபட்ட பெரியவர்களும் சிலர் வருகிறார்களாம். அங்கே தெரபிஸ்ட் யாரும் கிடையாது, பராமரிப்பாளர்கள்தான். நன்கொடையாக வந்த வீல்சேர்கள் ஒரு அறை நிறையக் கிடக்கின்றன என்றார்கள். என்ன ஆவணங்கள் வேண்டும், எதை எடுத்துப்போகலாம், முதல் வாரம் எதில் கை வைக்கலாம்? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆலநிழல் எழுதியது:

ஆவணங்களை இன்றைக்கே தொடங்குங்கள். தாமதமெல்லாம் அங்கேதான் வரும்.

முதலில் பதிவு. சம்பளம் வாங்காவிட்டாலும் நோயாளியின் மேல் கை வைத்தால் அது மருத்துவப் பணிதான். பல நாடுகளில் அதற்கு அந்த நாட்டில் தெரபிஸ்டுகளைப் பதிவு செய்யும் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும். அந்தக் கவுன்சில், நீங்கள் இப்போது பதிவு செய்திருக்கும் இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கேட்கும். பெரும்பாலும் அது கவுன்சிலிலிருந்து கவுன்சிலுக்கு நேராகப் போக வேண்டும், உங்கள் கையால் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். சான்றுக்குக் காலாவதித் தேதியும் இருக்கும் என்பதால் ரொம்ப முன்னாலேயே வாங்கி வைப்பதிலும் பயனில்லை.

அடுத்தது விசா. "டூரிஸ்ட் விசா போதும், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று மையம் சொன்னால் அதை ஏற்காதீர்கள். தன்னார்வப் பணியையும் வேலையாகவே கணக்கிடும் நாடுகள் நிறைய. பிடிபட்டால் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். மையத்தின் உரிமமும் சிக்கலில் மாட்டும், அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம்.

தொழில்சார் காப்பீடு இப்போது இருந்தாலும் வெளிநாட்டுப் பணிக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். பல பாலிசிகளில் பொருந்தாது. பயணக் காப்பீட்டில் மருத்துவக் காரணத்துக்காக வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். அவ்வளவு நாள் இல்லையென்றால் 0, 7, 21 நாட்கள், பிறகு 12-ஆம் மாதம் ஒரு ஊசி. எச்சிலும் புண்ணும் கையில் படும் வேலை என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்கும் நாடாக இருந்தால், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும்.

கடைசியாக, காவல்துறை நன்னடத்தைச் சான்று. மையம் அதைக் கேட்காவிட்டால் அதுவே எச்சரிக்கை மணி. உங்களைச் சரிபார்க்காமல் பிள்ளைகளிடம் விடுகிறவர்கள் மற்றவர்களையும் அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

கொடிமுல்லை எழுதியது:

ஆலநிழல் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பகல்நேர மையம் என்பது நல்ல செய்தி. பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போகிறார்களா, அங்கேயே தங்குகிறார்களா என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். தங்கும் இல்லமாக இருந்தால் கேள்விகள் வேறு. பெற்றோர் இருக்கிறார்களா? எத்தனை பிள்ளைகள் போன ஆண்டு குடும்பத்தோடு சேர்ந்தார்கள்? தன்னார்வலர்கள் கொடுக்கும் பணத்தில்தான் இல்லம் ஓடுகிறதா?

உலகம் முழுவதும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். ஊனமுள்ள பிள்ளைக்கு வீட்டருகே உதவி கிடைக்காததால்தான் இல்லத்தில் விடுகிறார்கள். தன்னார்வலர் வந்து குவிவது அந்த இல்லங்களை நிரப்பி வைக்கக் காரணமாகிறது என்பதால், 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைத் தீர்மானத்தில் இதைத் தனியாகவே குறிப்பிட்டது. சில வாரத்துக்கு ஒரு முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போவது, ஏற்கெனவே பிரிவில் அடிபட்ட பிள்ளைக்கு இன்னொரு பிரிவு.

தங்கும் இல்லமே ஆனாலும் வழி இருக்கிறது. பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் எப்போதும் இருக்கும் பராமரிப்பாளர் கையில் இருக்கட்டும். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நேர்கோடு எழுதியது:

தளிர்நடை, முதல் வாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் வாரம் சிகிச்சை வேண்டாம். பார்ப்பது மட்டும். காலையில் பிள்ளைகள் எப்படி வந்து சேர்கிறார்கள், யார் தூக்குகிறார்கள், எந்த நிலையில் எத்தனை மணி நேரம் கிடக்கிறார்கள், யார் ஊட்டுகிறார்கள் என்று நாள் முழுக்கக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை உங்களோடு இருக்கப்போவது வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் எப்படிப் படுக்கிறது, உட்கார்கிறது என்பதுதான் மூட்டுகளின் கதையைத் தீர்மானிக்கும்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். நிலையைப் போட்டுவிடுங்கள், பிள்ளை தானாக எவ்வளவு நகர முடிகிறது என்பதைக் காட்டும் வகைப்பாடு அது. 1 முதல் 5 வரை: 1 என்றால் தடையில்லாமல் நடக்கும், 5 என்றால் வண்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். 2007-இல் திருத்தப்பட்ட வடிவம் 18 வயது வரை பொருந்தும். கருவி எதுவும் வேண்டாம், பார்த்தும் கேட்டும் முடிவு செய்யலாம். இதைச் செய்யாமல் தொடங்கினால் 5-ஆம் நிலைப் பிள்ளையை நடக்க வைக்க மாதக்கணக்காக நிற்க வைத்துக்கொண்டிருப்பார்கள், 2-ஆம் நிலைப் பிள்ளை வீல்சேரில் உட்கார்ந்திருக்கும். இரண்டும் அடிக்கடி நடப்பவை.

நிலையைப் போட்டவுடன் இடுப்பைப் பாருங்கள். 1-ஆம் நிலையில் இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து இல்லையென்றே சொல்லலாம். 5-ஆம் நிலையில் கிட்டத்தட்ட 90 சதவீதம். தொடைகளை அகட்டும்போது ஒரு பக்கம் தடுக்கிறதா, உடைமாற்றும்போது அழுகிறதா என்று பராமரிப்பாளரிடமே கேளுங்கள். எக்ஸ்ரே எடுக்க வழியிருந்தால் 3, 4, 5 நிலைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. தொடை எலும்பின் தலை 30 சதவீதத்துக்கு மேல் இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு வெளியே இருந்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மசாஜ் அதைத் தடுக்காது.

தளிர்நடை எழுதியது:

மிக்க நன்றி. அங்கே இப்போது தினமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி நடக்கிறதாம். அதைத் தொடரச் சொல்லலாமா?

நேர்கோடு எழுதியது:

கையால் சில நிமிடம் இழுத்துவிடுவதால் தசை நிரந்தரமாக நீளாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, நிலைப்படுத்துதல்: படுக்கும்போது முழங்காலுக்கு இடையே சுருட்டிய துணி, உட்காரும்போது இடுப்பு நேராகும்படி ஆதரவு, மணிக்கொருமுறை நிலை மாற்றம். இரண்டு, செயலையே பயிற்சியாக்குதல்: பிள்ளை சட்டைக்குள் கை விட வேண்டுமென்றால் சட்டைக்குள் கை விடுவதையே தினமும் பயிற்றுங்கள், பிள்ளையே செய்யட்டும், பராமரிப்பாளர் முடிக்கும் பாகத்தில் மட்டும் உதவட்டும். எந்தச் செயல் என்பதைக் குடும்பம் சொல்ல வேண்டும். "நடக்க வேண்டும்" என்றால் எங்கிருந்து எங்கே என்று கேளுங்கள். பல நேரம் கழிவறை வரை போனால் போதும் என்பதுதான் பதிலாக வரும். அதற்குப் பிடித்து நகர ஒரு கம்பியே தீர்வாகலாம்.

ஆனால் பராமரிப்பாளர்களிடம் "நீங்கள் செய்வது வீண்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதினைந்து நிமிடம்தான் சில பிள்ளைகளை ஒருவர் தொட்டுப் பேசும் நேரம். அதை வைத்துக்கொண்டு உள்ளே நடப்பதை மாற்றுங்கள்.

சுழல்சக்கரம் எழுதியது:

அந்த வீல்சேர் அறையைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நன்கொடை வண்டிகளில் முக்கால்வாசி ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ள வேண்டி செய்தவை. இருக்கைத் துணி தொங்கும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், முதுகு வளையும். பெரியவர் அளவு வண்டியில் பிள்ளையை வைத்துத் தலையணைகளைச் செருகினால் ஒரு மணி நேரத்தில் வழுக்கி வால் எலும்பில் உட்கார்ந்திருக்கும். பொருந்தாத வண்டி இருப்பதைவிட இல்லாததே மேல் என்ற நிலை வரும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அது புண், புண்ணிலிருந்து கிருமித் தொற்று, உயிருக்கே ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி எட்டுப் படி சொல்கிறது: பரிந்துரைத்து வரவழைத்தல், மதிப்பீடு, எந்த வண்டி என்ற முடிவு, பணமும் வாங்குதலும், வண்டியைத் தயார் செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, தொடர்கவனிப்பும் பழுதுபார்ப்பும். நன்கொடை வண்டி விநியோகத்தில் இந்த எட்டில் ஏழு காணாமல்போகும்.

அளவெடுக்கும் முறை. கெட்டியான பலகை இருக்கையில் நேராக உட்காரவைத்து, துணி டேப் வேண்டாம், ஸ்டீல் டேப் எடுங்கள்.

இடுப்பின் அதிகபட்ச அகலம்தான் இருக்கையின் அகலம். வளரும் பிள்ளை என்று பெரிதாக எடுத்தால் இரு பக்கமும் நிரப்ப வேண்டும், அதையும் மறந்துவிடுவார்கள்.

இருக்கை ஆழத்துக்கு, பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 3 முதல் 6 செ.மீ. கழியுங்கள். இரண்டு காலையும் அளந்து குட்டையானதை எடுங்கள். ஆழம் கூடினால் மடிப்பில் இடித்து ஆள் முன்னால் வழுக்குவார்.

மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தது கால்பலகை உயரம். பலகை மேலே இருந்தால் தொடை தூக்கி எடை முழுக்க உட்காரும் எலும்பில் விழும். கீழே இருந்தால் கால் தொங்கி இடுப்பை முன்னுக்கு இழுக்கும். மெத்தை போட்ட பிறகுதான் இதை இறுதியாக்க வேண்டும், பலர் மெத்தையை மறந்துவிடுகிறார்கள்.

தானே தள்ளுகிறவருக்கு முதுகுப்பலகை தோள்பட்டை எலும்பின் கீழ்முனையைத் தாண்டக் கூடாது, கை பின்னால் போக வேண்டும்.

பொருத்தியபின் அழுத்தச் சோதனை. ஆளிடம் சொல்லிவிட்டு, உட்காரும் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே உங்கள் விரல்களை விடுங்கள். விரல்நுனியை 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மேலும் கீழுமாக அசைக்க முடிந்தால் பரவாயில்லை. அசைக்க முடியவில்லை, ஆனால் எளிதாக உருவலாம் என்றால் எச்சரிக்கை. இறுக்கி நசுக்கி, உருவக் கஷ்டப்பட்டால் அந்த மெத்தையில் உட்காரவைக்கவே கூடாது. இரண்டு பக்கமும் செய்யுங்கள். தொடு உணர்வு இல்லாதவருக்கு இது தவறவே கூடாது.

பஞ்சு மெத்தை வெயிலிலும் ஈரத்திலும் சில மாதத்தில் தட்டையாகும். கையால் அழுத்தி விட்டால் உடனே மேலே வர வேண்டும், வராவிட்டால் மாற்று. சக்கரம் பக்கத்துச் சைக்கிள் கடையில் கிடைக்கும் டயர் அளவில் இல்லையென்றால் முதல் பஞ்சரிலேயே வண்டி மூலைக்குப் போகும். முன் சக்கரம் சின்னதாக இருந்தால் மண் ரோட்டில் புதையும், குப்புறத் தள்ளும். மண் ரோட்டுக்கு முன்சக்கரம் தள்ளி நீளமாக இருக்கும் மூன்று சக்கர வகை நல்லது.

எடுத்துப்போக வேண்டியவை: 3 மீட்டர் ஸ்டீல் டேப், கோணமானி, 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகள், திருகு ஸ்பேனர், பஞ்சர் கிட், அகலப் பட்டை நாடா, வெல்க்ரோ. மூட்டைத் தாங்கும் பட்டை செய்ய உதவும், வெந்நீரில் இளகும் ஸ்பிளிண்ட் தகடுகளைக் கொண்டுபோக வேண்டாம் என்பேன். வெயிலில் நிற்கும் காரில் வைத்தாலே உருக்குலையும், தீர்ந்தால் அங்கே மறுபடி கிடைக்காது. மாவுக்கட்டு எங்கும் கிடைக்கும்.

மெல்லசை எழுதியது:

பேச்சு, விழுங்குதல் பக்கத்திலிருந்து. பிசியோ போகிற இடத்தில் பேச்சு தெரபிஸ்ட் இருக்க மாட்டார், ஆகவே ஊட்டுவதும் உங்கள் தலையில் விழும். மையத்தில் உயிருக்கு ஆபத்தான விஷயம் எது என்று கேட்டால் நான் முதலில் சாப்பாட்டு நேரத்தைத்தான் சொல்வேன்.

மல்லாக்கப் படுக்க வைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டுவதைப் பார்த்தால் அன்றைக்கே மாற்றுங்கள், அது மட்டும் முதல் வாரத்தில் காத்திருக்க வேண்டாம். தலை பின்னால் போனால் மூச்சுக்குழாய் திறந்து உணவு உள்ளே போகும். இடுப்பு, முழங்கால் மடங்கி, தலை நேராக, தாடை லேசாகக் கீழே. ஊட்டுபவர் எழுந்து நின்றால் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும், தலை பின்னால் போய்விடும். அதனால் அவர் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும், கரண்டி கீழிருந்து வர வேண்டும். வாய்க்குள் கரண்டி போனதும் நாக்கின் மேல் கீழ்நோக்கி லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து, நேராக வெளியே எடுக்க வேண்டும். மேல்பல்லில் துடைத்து எடுத்தால் தலை மறுபடி பின்னால் போகும்.

அடையாளங்கள்: சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், நிறம் மாறுதல், சாப்பிட்டபின் தொண்டையில் கொழகொழவென்ற குரல், அடிக்கடி நெஞ்சுச் சளி. சில பிள்ளைகளுக்கு இருமலே வராது, உணவு சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போகும். ஆகவே அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருகிற பிள்ளையை இருமல் இல்லை என்று விட்டுவிட வேண்டாம். ஒரு வேளை சாப்பாடு 30 நிமிடத்துக்கு மேல் நீண்டால் அதுவும் கவனிக்க வேண்டியது.

தண்ணீர் அளவுக்கு நீர்த்தது சிலருக்கு வேகமாகப் போய்ப் புரையேறும். கெட்டியாக்கினால் எவ்வளவு கெட்டி என்பதைச் சர்வதேச IDDSI நிலைகளில் (எண் கூடக் கூடக் கெட்டி அதிகம்) அளக்கும் முறை: 10 மி.லி. சிரிஞ்சு, 0 முதல் 10 வரை உள்ள அளவுகோலின் நீளம் 61.5 மி.மீ. ஆக இருப்பதை அளந்து உறுதி செய்யுங்கள், எல்லா சிரிஞ்சும் அந்த அளவு இல்லை. உந்துதண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் மூடி 10 மி.லி. வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 விநாடி ஒழுக விட்டு மறுபடி மூடுங்கள். மீதம் 1 மி.லி.-க்குக் கீழ் என்றால் நிலை 0. 1 முதல் 4 வரை நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, 8-க்கு மேல் நின்றால் நிலை 3. ஒழுகவே இல்லையென்றால் அது நிலை 4-க்குரியது, அதை முட்கரண்டியால் சோதிக்க வேண்டும். மாவுச்சத்தால் கெட்டியாக்கியது எச்சில் பட்டதும் நீர்த்துவிடும், ஆகவே அதே கரண்டியை மீண்டும் பாத்திரத்துக்குள் விடக் கூடாது.

பேசாத பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கும், முதல் நாளிலிருந்தே ஆம், இல்லை என்பதற்கு ஒரு அடையாளம் நிலைநிறுத்துங்கள். கண் மேலே, தலை திருப்பல், எதுவாக இருந்தாலும் எல்லாப் பராமரிப்பாளரும் அதையே மதிக்க வேண்டும்.

சாலைவிளக்கு எழுதியது:

முதுகுத்தண்டு அடிபட்ட பெரியவர்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு விஷயம் மட்டும்.

அழுத்தம் குறைத்தல்: 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து சுமார் 2 நிமிடம் இருக்க வேண்டும். கைகளால் சில விநாடி எழும்பிவிட்டு உட்காருவது ரத்த ஓட்டத்துக்குப் போதாது, தோள்தான் தேயும். தினமும் கண்ணாடி வைத்துப் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியும் போகாத சிவப்பு இருந்தால் அந்த இடத்தில் எடையே விழக் கூடாது. கறுத்த சருமத்தில் சிவப்பு தெரியாது, ஆகவே சூடு, வீக்கம், கெட்டித்தன்மையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நெஞ்சு ஆறாம் முள்ளெலும்புக்கோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்வையும் சிவப்பும் வந்தால், ரத்த அழுத்தம் ஏறுகிறது. படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடை, பட்டை எல்லாம் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள், முக்கால்வாசிக் காரணம் அங்கேதான். குறையாவிட்டால் ஆஸ்பத்திரி. பக்கவாதம் வரை போகும். வீட்டிலிருப்பவருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டிய ஒன்று இது.

கொடிமுல்லை எழுதியது:

இன்னொன்று, வருத்தமான விஷயம். கட்டி வைத்திருப்பதைப் பார்க்க நேரலாம். கட்டிலோடு துணியால் கட்டப்பட்ட பிள்ளை, பெரியவரும்கூட. அங்கேயே கத்திவிட்டால் நாளையிலிருந்து உங்கள் கண்ணில் படாமல் கட்டுவார்கள். ஏன் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். விழுகிறான், வலிப்பு வருகிறது, தன்னையே அடித்துக்கொள்கிறாள், இரவில் ஒருவர்தான் இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. விழுவதென்றால் தரையில் மெத்தை. வலிப்பென்றால் மருந்து முறையாகக் கிடைக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது. திடீரென மருந்து நின்றால் வலிப்பு தொடர்ந்து வரும், 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசர நிலை. தன்னை அடித்துக்கொள்வதென்றால் முதலில் காது, பல், மலச்சிக்கல் வலியைத் தேடுங்கள். அதோடு, பார்த்ததை மையத்தின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தேதியோடு எழுத்தில் கொடுங்கள். பொறுப்பாளர் என்று ஒருவரே இல்லையென்றால் உங்களை அனுப்பும் அமைப்பிடம் கொடுங்கள். சொல்லிக் கொடுப்பது ஒரு பக்கம், புகார் ஒரு பக்கம். ஒன்று இன்னொன்றை நிறுத்தக் கூடாது.

வேகநடை எழுதியது:

மூன்று மாதம் என்பதால் பரவாயில்லை. இரண்டு, மூன்று வாரம் மட்டும் விடுப்பு கிடைக்கிறவர்கள் போகவே கூடாதா? ஒன்றுமில்லாததற்கு அதுவாவது மேல் அல்லவா?

நேர்கோடு எழுதியது:

என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும் வளைபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு, பொதுவாக ஐந்தாறு கட்டு, பெரும்பாலானோருக்குக் குதிகால் தசைநாணில் சிறு வெட்டு, பிறகு திருத்திய பாதத்தை அதே நிலையில் பிடித்து வைக்கும் பிரேஸ்: முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பின் தூங்கும் நேரத்தில் 4 வயது வரை. பிரேஸைப் போடாமல் விட்டால் பாதம் மறுபடி திரும்புகிறது, திரும்புவதற்கு முதல் காரணமே அதுதான். இரண்டு வாரத்தில் ஒருவர் தொடங்கிவிட்டுப் போனால் பாதி திருத்திய பாதம், நம்பிக்கை இழந்த தாய். அடுத்தவர் கூப்பிட்டால் அவள் வர மாட்டாள்.

வேகநடை எழுதியது:

அப்படியென்றால் ஏற்கெனவே அங்கே கட்டுப்போடும் உள்ளூர் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்களோடு சேர்ந்து கடினமான பாதங்களை மட்டும் பார்க்கப் போனால்?

நேர்கோடு எழுதியது:

அது பயனுள்ள பயணம். அவர்கள் கேட்ட தலைப்பு, அவர்கள் தேர்ந்த பிள்ளைகள், கட்டுப்போடுவது அவர்கள் கை. அடுத்த வாரக் கட்டு யாருடையது என்று கிளம்பும் முன்பே பெயர் சொல்ல முடிந்தால் போங்கள்.

தளிர்நடை எழுதியது:

அந்த வீல்சேர்களில் சின்னப் பிள்ளைகளுக்கு எதுவும் பொருந்தாது என்று மையத்திலிருந்து அளவு அனுப்பியிருக்கிறார்கள். வாங்கப் பணமும் இல்லை. என்ன செய்யலாம்? மொழியும் எனக்குத் தெரியாது.

சுழல்சக்கரம் எழுதியது:

அட்டைப்பெட்டி நாற்காலி. ஜிம்பாப்வேயில் உருவாகி உலகெங்கும் பரவிய முறை, பிள்ளையின் அளவுக்கே செய்யலாம். நெளி அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுங்கள், ஒவ்வொரு அடுக்கிலும் நெளி குறுக்காக மாற வேண்டும், ஒரே திசையில் இருந்தால் எடை விழும்போது மடங்கும். பசைக்கு மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றி, கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறுங்கள். ஒட்டிய பலகைகளைச் சமதளத்தில் வைத்து மேலே கனம் ஏற்றிக் காய விடுங்கள். ஈரக் காற்றுள்ள இடத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும், அவசரப்பட்டு வர்ணம் பூசினால் உள்ளே பூஞ்சணம் பிடித்து அடுக்கு பிரியும். விளிம்புகளைக் காகிதப் பட்டையால் மூடி, கடைசியில் வார்னிஷ் முழுமையாக, அடிப்பாகத்திலும் பூச வேண்டும். சிறுநீர் பட்டு ஊறுவதுதான் இந்த நாற்காலிகளின் முதல் எதிரி, இருக்கைக்குக் கழுவக்கூடிய உறை போடுங்கள். பராமரிப்பாளர் இருவரும் ஒரு பெற்றோரும் கூட உட்கார்ந்து செய்யட்டும், அடுத்த நாற்காலி அவர்கள் கையால் வர வேண்டும்.

மெல்லசை எழுதியது:

மொழிபெயர்ப்பாளர் பற்றி: பிள்ளையின் அக்கா, தம்பியை வைத்துப் பேச வேண்டாம். கெட்ட செய்தியை அவர்கள் மாற்றிச் சொல்வார்கள், அவர்கள் சுமக்கவும் கூடாது. தொடங்கும் முன் ஐந்து நிமிடம் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து இன்றைக்கு என்ன கேட்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். பேசும்போது தாயைப் பார்த்துப் பேசுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கடைசியில் "புரிந்ததா" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டில் எப்படிச் செய்வீர்கள் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். தாய் செய்து காட்டியதில் தவறியது எதுவோ, நாம் சரியாகச் சொல்லாதது அதுதான்.

ஆலநிழல் எழுதியது:

புகைப்படம் பற்றி ஒரு வரி, மறக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் எழுதி வைப்பீர்கள்: உட்காரும் நிலை, ஊட்டும் முறை, என்ன கண்டால் யாரிடம் போக வேண்டும். அதில் சரியான நிலையைக் காட்ட அந்தப் பிள்ளையின் படமே சிறந்தது. குடும்பத்தின் சம்மதம் வாங்குங்கள், பெரியவரென்றால் அவருடைய சம்மதம். அந்தப் படம் வீட்டிலும் மையத்துக் கோப்பிலும் இருக்கும், உங்கள் போனில் இருக்காது. தாள் உள்ளூர் மொழியில், உங்கள் கையெழுத்தும் உள்ளூர்ப் பொறுப்பாளர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். மூன்றாம் மாதக் கடைசி வாரத்துக்கு இதைத் தள்ள வேண்டாம். இரண்டாம் மாத முடிவில் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி மாதம் நீங்கள் கை வைக்காமல் பக்கத்தில் நின்று, தாளை வைத்தே அவர்கள் செய்கிறார்களா என்று பாருங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அந்த வரியைத் திருத்தி எழுதக் காலம் இருக்கும்.